வாய்ப்புற்று பயம், எச்.பி.வி. பயம்: செல்போன் டார்ச்சோடு கண்ணாடி முன்னால் நிற்பவர்களுக்கு

ஜூன் 3, இரவு 11.52

வந்த கேள்வி இது (எச்.பி.வி. என்பது உடலுறவு வழியாகப் பரவும் ஒரு வைரஸ், அதன் சில வகைகள் புற்றை உண்டாக்கும்):

"நாக்கின் ஓரத்தில், ரொம்பப் பின்னால், சிவப்பாக வரிவரியாக மேடு இருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததுதான் ஆபத்து என்று போட்டிருக்கிறார்கள். நான் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு உறவு இருந்தது. அதில்தான் எச்.பி.வி. வந்திருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். யாரிடமும் சொல்ல முடியவில்லை. இது வாய்ப்புற்றுதானே?"

ஜூன் 4, காலை 6.20

நாக்கின் மறுபக்க ஓரத்தையும் பார்த்தீர்களா?

ஜூன் 4, காலை 7.05

பதில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இன்று முழுக்க கண்ணாடி முன்னால்தான் நிற்பீர்கள்.

நாக்கின் இரண்டு ஓரங்களிலும், கடைவாய்ப்பல்லுக்கு நேராக, செங்குத்தான மடிப்புகள் எல்லோருக்கும் உண்டு. ஃபோலியேட் பாப்பில்லா என்பார்கள். சுவை மொட்டுகள் இருக்கும் இடம். அதை ஒட்டி டான்சில் மாதிரியான திசுவும் கொஞ்சம் இருக்கும். சளி பிடித்தாலோ, பல் உரசினாலோ வீங்கிச் சிவக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்றும் இல்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதுதான். நாக்கை அவ்வளவு தூரம் வெளியே இழுத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் வராததால், முதல் தடவை பார்க்கிறவருக்கு நேற்று முளைத்தது போலத் தெரியும்.

உங்களுடையது அதுதான் என்று இங்கிருந்தபடி சொல்ல முடியாது. நாக்கின் ஓரம் புற்று அதிகம் வரும் இடமும்தான். அதனால் ஒரு பல் டாக்டரிடம் காட்டுங்கள். நான் டாக்டர் இல்லை. இதே பயத்தில் வெகுநாள் கிடந்த ஆள், அவ்வளவுதான் தகுதி.

ஜூன் 4, மதியம் 1.30

வாய்க்குள் நான் "கண்டுபிடித்த" மற்றவை, யாருக்காவது உதவும் என்பதற்காக.

நாக்கின் மேற்புறத்தில், தொண்டைப் பக்கம், "வி" வடிவத்தில் பெரிய மொட்டுகள் வரிசையாக நிற்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். எண்ணிப் பார்க்க வேண்டாம், நான் எண்ணினேன், அதற்காகக் குமட்டலை வாங்கிக்கொண்டேன். கன்னத்தின் உட்புறம், மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே ஒரு சிறு மேடு. அது எச்சில் சுரப்பி திறக்கும் வாய். அதே கன்னத்தில் பற்கள் சேரும் கோட்டுக்கு இணையாக ஒரு வெள்ளைக் கோடு. உதட்டின் உள்ளே மஞ்சளாகப் பொடிப்பொடிப் புள்ளிகள், எண்ணெய்ச் சுரப்பிகள். மேலண்ணத்தின் நடுவே எலும்பு மாதிரி கெட்டியான புடைப்பு, நிஜமாகவே எலும்புதான். டான்சில் குழிக்குள் வெள்ளையாகக் கல் மாதிரி ஒன்று, நாற்றம் அடிக்கும், வேறு கெடுதல் இல்லை.

கழுத்தில் தடவினால் இன்னும் நிறைய கிடைக்கும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எச்சில் சுரப்பிகள். நடுவே நாவடி எலும்பின் கொம்புகள். கழுத்து நாடி பிரியும் இடம், அது துடிக்கும். இத்தனையையும் ஒவ்வொன்றாகப் புற்று என்று முடிவு கட்டி, ஒவ்வொன்றாக விட்டிருக்கிறேன்.

ஜூன் 4, இரவு 10.10

"இப்படியெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள், எங்கள் குடும்பத்தில் அப்படி விட்டுத்தான் ஒருவரை இழந்தோம்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். ஆகவே மறுபாதி.

எதைக் காட்ட வேண்டும்: மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலில் இருப்பது இந்த மூன்று வாரக் கணக்கு. பல் டாக்டர்கள் பலர் இரண்டு வாரத்திலேயே வரச் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். சுரண்டினால் போகாத வெள்ளைத் திட்டு. காரணமில்லாத செந்திட்டு, வெள்ளையை விட இது கவலைக்குரியது. தொட்டால் அடியில் கெட்டியாக, விளிம்பு தடித்து இருக்கும் புண். காரணமில்லாமல் ஆடும் பல். உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன உணர்வு. கழுத்தில் வலியில்லாமல் தோன்றி, வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும் கட்டி. ஒரு பக்கம் மட்டும் விடாத தொண்டை வலி, அதே பக்கம் காதுவலி. மூன்று வாரம் மாறாத குரல் கம்மல்.

இதில் பயப்படுகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். பார்த்த அன்று தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் தள்ளி இன்னொரு தேதி குறியுங்கள். நடுவில் பார்க்க வேண்டாம். கெட்டியாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி இருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், போய்விடுங்கள்.

புகையிலை, பாக்கு, மது இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கில் தயவு தாட்சண்யம் கிடையாது. பாக்கு தனியாகவே புற்றுக் காரணிகளின் பட்டியலில் இருக்கிறது. புகையிலை இல்லாமல் போட்டாலும்தான்.

ஜூன் 6, காலை 8.15

இப்போது எச்.பி.வி. விஷயம். கேள்வி கேட்டவர் பார்த்துக்கொண்டிருப்பது ஓரிடம், பயப்படுவது வேறோரிடம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

கண்ணாடியில் தெரியும் வாய் என்பது உதடு, ஈறு, கன்னம், மேலண்ணத்தின் முன்பகுதி, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு, நாக்குக்கு அடியில் உள்ள தரை. இங்கே வரும் புற்றில் பெரும்பங்கு புகையிலை, மது, பாக்கு வழி வருவது. எச்.பி.வி.க்கு இங்கே சிறு பங்குதான். எச்.பி.வி. தன் வேலையைக் காட்டும் இடம் அதற்கும் பின்னால்: டான்சில், அடிநாக்கு (நாக்கின் பின் மூன்றில் ஒரு பங்கு), அதாவது வாய்க்கு நேர் பின்னால் உள்ள தொண்டைப் பகுதி. டான்சில் குழிகளின் ஆழத்தில் தொடங்கும். டார்ச் அடித்தாலும் தெரியாது. பலருக்கு முதலில் தெரிவதே கழுத்துக் கட்டிதான்.

ஆக, நாக்கின் ஓரத்தைத் தினமும் பார்ப்பதால் எச்.பி.வி. பற்றி ஒரு தகவலும் கிடைப்பதில்லை. வலி மட்டும் கிடைக்கும்.

அந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தொண்டைப் புற்றோடு சம்பந்தப்பட்டது ஏறக்குறைய முழுக்க 16ஆம் வகை. வாயில் சில சமயம் பூக்கோசு போல முளைக்கும் சின்ன மரு 6, 11 போன்ற வகைகளால் வருவது. வெட்டி எடுத்தால் தீர்ந்தது, புற்றாக மாறும் கூட்டம் இல்லை. அமெரிக்காவில் 2009–10இல் 14 முதல் 69 வயதுவரை உள்ளவர்களின் வாயைச் சோதித்த ஆய்வில், ஏதோ ஒரு வகை எச்.பி.வி. இருந்தது சுமார் 7 சதவீதத்தினரிடம். 16ஆம் வகை இருந்தது 1 சதவீதத்தினரிடம். அந்த 1 சதவீதத்திலும் பெரும்பாலோருக்கு உடம்பே ஓரிரு வருடத்தில் அதைத் துடைத்துவிடும். விடாமல் தங்குகிற சிலருக்கு, அதிலும் சிலருக்குத்தான், பல பத்தாண்டு கழித்துப் புற்று.

ஜூன் 6, காலை 8.40

"பல பத்தாண்டு கழித்து" என்று எழுதி அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். பயப்படுகிறவர் மேலே உள்ள பத்தி முழுவதையும் விட்டுவிட்டு இந்த மூன்று சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இப்போது வரவில்லை என்றால் இனிமேல் வரும், அப்படித்தானே?

இந்தப் பயத்தின் விசேஷமே இதுதான். மற்ற நோய்ப் பயங்களுக்கு ஒரு சோதனையாவது உண்டு. ரத்தம் கொடுத்தால் ஒரு எண் வரும். இதில் அப்படி ஒரு கதவு இல்லை. காலக்கெடுவும் இல்லை.

ஜூன் 7, மாலை 6.00

எச்சிலில் எச்.பி.வி. பார்க்கும் சோதனை இருக்கிறதே என்று கேட்டவருக்கு. இருக்கிறது. எடுக்காதீர்கள். கருப்பைவாய்க்கு பாப் பரிசோதனை (அங்கிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது), எச்.பி.வி. பரிசோதனை என்று பல காலம் சரிபார்த்த வழி உண்டு. கருப்பைவாய்ப் புற்றுக்கு இந்த வைரஸ் காரணம் என்று காட்டியதற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபலே கொடுத்தார்கள். தொண்டைக்கு அதற்குச் சமமான பரிசோதனை ஒன்றும் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு வாய் எச்.பி.வி. சோதனை பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. இருக்கிறது என்று வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வைரஸுக்கு மருந்து கிடையாது. இல்லை என்று வந்தால் அடுத்த வாரம் "அன்றைக்குச் சரியாகக் கொப்பளித்துத் துப்பினேனா?" என்று ஆரம்பிப்பீர்கள்.

ஜூன் 7, மாலை 6.12

ஒரு உபகதை. என் போனில் குழந்தை சிரிக்கும் படத்துக்கும் ஒரு பிறந்தநாள் படத்துக்கும் நடுவே வரிசையாக என் நாக்கு. வெவ்வேறு வெளிச்சத்தில். ஒருநாள் அலுவலகத்தில் யாருக்கோ ஒரு ரசீதைக் காட்டப்போய் விரல் நழுவி, திரை முழுக்க என் நாக்கு. அவர் நாகரிகமானவர், "உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 9, இரவு 11.30

கேள்வியை மறுபடி படித்தேன். நாக்கைப் பற்றி எழுதியது தகவல் மாதிரி இருக்கிறது. கனமெல்லாம் அந்தப் பழைய உறவைப் பற்றிய வரிகளில் இருக்கிறது. "எனக்கு நன்றாகத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஒன்று. அது வைரஸைப் பற்றிய வாக்கியமாக எனக்குப் படவில்லை. செய்ததற்குத் தண்டனை வந்தே தீரும் என்கிற வாக்கியமாகப் படுகிறது.

எனக்கும் இதுவேதான். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்றபோது நிம்மதி வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது: இவ்வளவு லேசாக எப்படி விட்டார்கள் என்று. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் ஓடியது. புற்றைப் பற்றிய பயம் என்றால் அந்த இடத்தில் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அது வேறு எதன் மேலோ நிற்கிறது.

உடலுறவு கொள்ளும் மனிதர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது ஏதோ ஒரு எச்.பி.வி. வகையைச் சந்திக்கிறார்கள். ஒரே ஒரு துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும். யாரிடமிருந்து, எப்போது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே யாரையும் குற்றம் சாட்டவும் முடியாது, தன்னையும் சேர்த்து.

துணைவருக்குத் தொற்றியிருக்குமோ, முத்தம் கூடாதோ என்று ஒதுங்கி இருப்பவர்கள் உண்டு. நான் அப்படி இருந்தேன். ஒரே தம்ளரில் குடிக்கமாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காரணம் சொல்லவில்லை. வீட்டில் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள், அந்தக் காயம் ஆற புற்றுப் பயத்தை விட அதிக நாள் ஆயிற்று. எச்.பி.வி. தொண்டைப் புற்று உறுதியானவர்களிடமே, நீண்டகாலத் துணையோடு நெருக்கத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் பகிர வேண்டியது எப்போதோ பகிர்ந்தாகிவிட்டது.

ஜூன் 10, காலை 7.45

"தண்டனை அது இது என்று மனோதத்துவம் பேசுகிறீர்கள், எனக்கு நிஜமாகவே தொண்டையில் ஏதோ அடைக்கிறது" என்று இன்னொருவர். நிஜம்தான். யாரும் கற்பனை என்று சொல்லவில்லை.

எச்சில் விழுங்கும்போது அடைக்கிறதா, எதையாவது தின்னும்போது அடைக்கிறதா? சும்மா இருக்கும்போது உருண்டை மாதிரி இருந்து, சாப்பிடும்போது மறந்துபோனால், அது பெரும்பாலும் தொண்டைத் தசையின் இறுக்கம். குளோபஸ் என்பார்கள், பதற்றத்தோடு ஒட்டிப்பிறந்தது. இருக்கிறதா என்று பார்க்க வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்குவீர்கள், அதனாலேயே இறுக்கம் கூடும். மாறாக, கெட்டியான உணவு இறங்காமல் நிற்கிறது, நாளாக ஆகக் கூடுகிறது, எடை குறைகிறது என்றால் தாமதிக்காமல் டாக்டர்.

நெறிக்கட்டியும் இதே கதை. தாடைக்குக் கீழே ஒன்றைக் கண்டுபிடித்து, போய்விட்டதா என்று நாளெல்லாம் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கும். வலித்தால் மேலும் அழுத்துவோம்.

ஜூன் 13, இரவு 9.20

டாக்டர் என்ன செய்வார் என்று கேட்டவர்களுக்கு. பயத்தில் பாதி இதனால்தான்.

பல் டாக்டர் ஒரு துணித்துண்டால் நாக்கின் நுனியைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து ஓரங்களைப் பார்ப்பார். வீட்டில் நமக்கு நாக்கு வழுக்கிக்கொண்டே போகும், அவர் பிடித்தால் நகராது. ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் மறு கையைத் தாடைக்குக் கீழும் வைத்து நடுவே கெட்டியாக ஏதாவது இருக்கிறதா என்று தடவுவார். கழுத்தைத் தடவுவார். ஐந்து நிமிடம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கில் மருந்து அடிப்பார். அது பின்வழியே தொண்டைக்கு இறங்கிக் கசக்கும், தொண்டை தடித்துப்போன மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் மெல்லிய குழாய் ஒன்று மூக்கு வழியாகப் போகும். கண்ணில் நீர் வரும். "ஈ" என்று சொல்லச் சொல்வார், குரல்நாண் அசைவதைப் பார்ப்பதற்கு. நீங்கள் கண்ணாடியில் பார்க்கவே முடியாத அடிநாக்கு அவருக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால்தான் பயாப்ஸி, அதாவது சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது. முடிவான பதில் தருவது அது ஒன்றுதான்.

நிஜமாகவே எச்.பி.வி. தொண்டைப் புற்று என்று வந்துவிட்டால்? இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி வந்திருக்கலாம், அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது சரியில்லை. எச்.பி.வி. வகைக் கட்டிகள் சிகிச்சைக்கு நன்றாக வசப்படுபவை. 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முற்றிய நிலையில் இருந்தவர்களிலேயே மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் எச்.பி.வி. உள்ளவர்களில் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57 சதவீதம். புகை பிடிப்பவர்களுக்கு அந்த அனுகூலம் குறைகிறது.

ஜூன் 18, காலை 6.50

"நடுவில் பார்க்க வேண்டாம்" என்று 4ஆம் தேதி சுலபமாக எழுதிவிட்டேன். எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒரேயடியாக நிறுத்த எனக்கு வரவில்லை. நிறுத்தினால் பல் தேய்க்கும்போது "தற்செயலாக" பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு நிமிடம், பகல் வெளிச்சத்தில், டார்ச் இல்லாமல் என்று வைத்துக்கொண்டேன். வாரநாளில் பார்க்கத் தோன்றினால் ஞாயிறு வரை தள்ளிப்போடுவது. முதலில் உள்ளங்கை வேர்க்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தானாக இறங்கும். இறங்குகிறது என்பதை ஒருமுறை உடம்பு தெரிந்துகொண்டால் அடுத்த முறை கொஞ்சம் எளிது. தேடல் பெட்டியில் நோய்ப் பெயரைத் தட்டுவதற்கும் இதே விதி. வீட்டில் இருப்பவரிடம் "பாரேன், சரியாக இருக்கிறதா?" என்று கேட்பதற்கும் இதே விதி, இதுதான் கடினம். அவர் "ஒன்றுமில்லை" என்பார், அது ராத்திரி வரை தாங்கும்.

அடுத்தடுத்த டாக்டர்களும் அதே ரகம். ஒருவர் பார்த்து, சந்தேகம் இருந்தால் இன்னொருவர். அதற்கு மேல் போகிறவர் வாயைக் காட்டப் போகவில்லை.

இதனால் வேலையும் தூக்கமும் கெட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல, நோய்ப் பதற்றம் என்று பெயரே இருக்கிறது. சி.பி.டி. என்கிற பேச்சு முறைச் சிகிச்சை இதற்கு நன்றாக உதவும். "புற்று இல்லை" என்று அவர் உங்களுக்கு நிரூபிக்கமாட்டார். அதை எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். உறுதி இல்லாமலே ஒரு மாலையைக் கழிப்பது எப்படி என்று பழக்குவார்.

ஜூன் 24, இரவு 8.05

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பல் டாக்டர் பார்த்தாராம், மடிப்புகள்தானாம், கடைவாய்ப்பல்லின் கூரான முனை உரசிச் சிவந்திருந்ததாம், முனையைத் தேய்த்துவிட்டாராம். நல்லது.

அதற்கு அடுத்த வரி: "ஆனால் அவர் ரொம்ப வேகமாகப் பார்த்தார்."

ஆரம்பித்துவிட்டீர்கள். வேகமாகப் பார்ப்பது அவர் தினமும் பார்ப்பதால். முனை தேய்த்த பிறகு சிவப்பு குறைகிறதா என்று பார்க்க அவரே ஒரு தேதி கொடுத்திருப்பாரே? அன்று வாயைத் திறந்தால் போதும்.

ஜூன் 24, இரவு 8.30

தடுப்பூசி இப்போது போட்டால் பழையது போகுமா என்ற கேள்விக்கு: போகாது. ஏற்கெனவே உள்ள தொற்றை அது விரட்டாது, இனி வரப்போவதைத்தான் தடுக்கும். அதனால்தான் 9 முதல் 14 வயதில், எதையும் சந்திப்பதற்கு முன் போடுகிறார்கள். 2006இல் முதல் ஊசி வந்தது, ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசி 2014இல். அமெரிக்காவில் 45 வயது வரை அனுமதி உண்டு, தலை-கழுத்துப் புற்றுத் தடுப்பும் 2020இல் அதன் பயன்களில் சேர்க்கப்பட்டது. 27க்கு மேல் எல்லோருக்கும் என்று இல்லை, டாக்டரிடம் பேசி முடிவு செய்வது. பெரியவர்களுக்குப் பலன் குறைவு. பிள்ளைகள் அந்த வயதில் இருந்தால், மகனோ மகளோ, அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் பயம் உருப்படியாகப் பயன்படக்கூடிய இடம் அது.

உங்கள் வயதை நீங்கள் சொல்லவே இல்லை. சொல்லுங்கள், 45 தாண்டியிருந்தால் உங்களுக்கான ஊசிப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.